நீர் டைமரின் பிணைப்பாற்றல்: 7.6, 5.4, 5.0, 3.16 — எதை எதோடு ஒப்பிடுவது?

கேள்வி: நீர்த்துளி

வணக்கம். இரண்டு நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் சேர்ந்த டைமருக்குப் பிணைப்பாற்றல் கணக்கிட வேண்டும். காஸியன் மென்பொருளில் பி3எல்ஒய்பி முறை (ஒரு டென்சிட்டி ஃபங்ஷனல்), 6-31ஜி(டி) பேசிஸ் செட் (எலெக்ட்ரான்களை விவரிக்கும் ஃபங்ஷன்களின் தொகுப்பு) கொடுத்து, தனி நீரையும் டைமரையும் ஆப்டிமைஸ் செய்தாயிற்று (ஆற்றல் தாழ்ந்த வடிவம் தேடியாயிற்று). தனி நீரின் ஆற்றலை இருமடங்காக்கி அதோடு டைமரின் ஆற்றலை ஒப்பிட்டால் வித்தியாசம் 7.6 கி.கலோரி/மோல் அளவில் வருகிறது. பழைய கட்டுரைகளில் 5.4 என்று இருக்கிறது. புதியவற்றில் 5.0. சில இடங்களில் "சோதனை மதிப்பு 3.16" என்கிறார்கள்.

இவற்றில் எதோடு ஒப்பிட வேண்டும்? கௌன்டர்பாய்ஸ் திருத்தம் போட்டால் சரியாகிவிடுமா, அதை எப்படிப் போடுவது? ஓ–எச் நீட்சி அதிர்வெண் எவ்வளவு இறங்குகிறது என்பதை எந்த எண்ணிலிருந்து அளப்பது? அடுத்து ஃபார்மிக் அமில டைமருக்கும் இதையே செய்ய வேண்டியிருக்கிறது.

பதில்: கார்முகில்

நீங்கள் தந்த நான்கு எண்களும் ஒரே பொருளின் நான்கு மதிப்பீடுகள் அல்ல. அதைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

3.16 என்பது பிரிகை ஆற்றல், டி-சுழியம். டைமர் தன் தாழ்ந்த அதிர்வு நிலையிலிருந்து இரண்டு தனி நீராகப் பிரியத் தேவையான ஆற்றல். 2011-இல் ஹன்னா ரைஸ்லரின் குழு இதை 1105 ± 10 செ.மீ⁻¹ என்று அளந்தது. கி.கலோரியில் 3.16. 5.02 என்பது டி-இ. ஆற்றல் பரப்பின் அடிப்புள்ளியிலிருந்து, சுழிநிலை ஆற்றல் (மிகத் தாழ்ந்த நிலையிலும் மிஞ்சும் அதிர்வு ஆற்றல்) சேர்க்காமல் கணக்கிடுவது. குளோப்பரும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் 5.02 ± 0.05 என்று தந்தார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள 1.86, டைமரானதும் கூடும் சுழிநிலை ஆற்றல்.

5.4 என்பது 1979-இல் கர்ட்டிஸ், ஃப்ரூரிப், பிளாண்டர் மூவரும் நீராவியின் வெப்பக் கடத்துதிறனை அளந்து, 373 கெல்வினில் டைமராவதற்கான வெப்பஅடக்க மாற்றம் −3.59 ± 0.5 என்று கண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எடுத்தது. பிழை எல்லை ± 0.7. அந்த எல்லைக்குள் 5.02 வசதியாக அடங்குகிறது. ஆகவே 5.4-ஐ இலக்காக வைத்து முறைகளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். "என் முறை 5.4 தருகிறது, ஆகவே சோதனையோடு ஒத்துப்போகிறது" என்ற வரி இன்றும் அச்சாகிறது. அது தவறான முடிவு.

உங்கள் 7.6-ஐ ஒப்பிட வேண்டியது 5.02-ஓடு. அது இவ்வளவு ஏறியதற்குக் காரணம் பேசிஸ் செட். 6-31ஜி(டி)யில் ஒரு நீருக்கு 19 ஃபங்ஷன்கள்தான், டைமருக்கு 38. ஹைட்ரஜனில் பி-ஃபங்ஷன் கிடையாது. ஆக்ஸிஜனின் தனி இணை எலெக்ட்ரான்கள் வெளியே விரிய டிஃப்யூஸ் ஃபங்ஷனும் கிடையாது. ஹைட்ரஜன் பிணைப்பு நடக்கும் இடமே அந்த வெளிப்பகுதிதான். அங்கே ஆளில்லாததால் ஒரு நீர் பக்கத்து நீரின் ஃபங்ஷன்களைக் கடன் வாங்கித் தன் ஆற்றலைத் தாழ்த்திக்கொள்கிறது. தனி நீருக்கு அந்தக் கடன் கிடைப்பதில்லை. கழிக்கும்போது அந்த வித்தியாசம் பிணைப்பாற்றல் போல வேடம் போட்டு வந்து நிற்கிறது. பேசிஸ் செட் மேற்பொருந்தல் பிழை என்பது இதுதான். இதை நீக்கப் போடுவதே கௌன்டர்பாய்ஸ் திருத்தம்.

டிஃப்யூஸ் ஃபங்ஷன்களும் உள்ள டன்னிங்கின் ஆக்-சிசி பேசிஸ் செட் வரிசைக்குப் போங்கள். (தமிழில் எழுதும்போது டபுளுக்கும் ட்ரிப்பிளுக்கும் "டி" என்றே வந்துவிடும். ஆகவே முழுப் பெயராகவே எழுதுகிறேன்.) ஆக்-டபுள்-ஜீட்டாவில் ஒரு நீருக்கு 41 ஃபங்ஷன்கள், ஆக்-ட்ரிப்பிளில் 92, ஆக்-குவாட்ருப்பிளில் 172. டைமருக்கு இதன் இருமடங்கு. ஆறு அணுக்கள்தானே, இன்றைய மேசைக் கணினியே தாங்கும்.

எம்பி2 முறையில் (எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்ப்பதைத் தோராயமாகச் சேர்க்கும் முறை) இந்த வரிசை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். திருத்தம் இல்லாமல்: ஆக்-டபுள் 5.26, ஆக்-ட்ரிப்பிள் 5.18, ஆக்-குவாட்ருப்பிள் 5.09 சுமார். கௌன்டர்பாய்ஸ் திருத்தத்தோடு: 4.43, 4.71, 4.86. ஒன்று மேலிருந்து இறங்குகிறது, மற்றது கீழிருந்து ஏறுகிறது. இரண்டும் 4.97-இல் சந்திக்கின்றன. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ஆக்-டபுளில் திருத்திய 4.43-ஐவிடத் திருத்தாத 5.26-தான் எல்லை மதிப்புக்கு அருகில் இருக்கிறது. திருத்தம் மேற்பொருந்தல் பிழையை மட்டுமே நீக்கும். பேசிஸ் செட்டின் போதாமையை நீக்காது. இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் ஒன்றை மட்டும் நீக்கினால் மற்றது வெளியே தெரிகிறது. அதனால்தான் சிலர் இரண்டின் சராசரியை எடுக்கிறார்கள். ஆக்-ட்ரிப்பிளில் அது 4.95, நல்ல மதிப்பு. உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: 6-31ஜி(டி)யில் கௌன்டர்பாய்ஸ் போட்டாலும் அது சரியாகாது.

பி3எல்ஒய்பிக்கு இன்னொரு குறையும் இருக்கிறது. டிஸ்பெர்ஷன் (எலெக்ட்ரான் மேகங்களின் கணநேர ஏற்ற இறக்கத்தால் வரும் ஈர்ப்பு) இல்லை. ஆக்-ட்ரிப்பிளில் திருத்தத்தோடு போட்டால் சுமார் 4.5-க்கு இறங்கிவிடும். சிறிய பேசிஸ் செட்டின் மிகையும் டிஸ்பெர்ஷன் இல்லாத குறையும் சேர்ந்து நடுவில் எங்கோ ஒரு பேசிஸ் செட்டில் 5.0 தரும். அந்த ஒத்துப்போதலை நம்ப வேண்டாம். மூலக்கூறை மாற்றியதும் அது கலைந்துபோகும். டென்சிட்டி ஃபங்ஷனலே வேண்டுமென்றால் கிரிம்மேயின் டி3 திருத்தத்தைச் சேருங்கள், அல்லது ஒமேகா-பி97எக்ஸ்-டி போல டிஸ்பெர்ஷன் உள்ளே உள்ள ஒன்றை எடுங்கள்.

பதில்: தாழி

கௌன்டர்பாய்ஸ் போடும் வழியைச் சொல்கிறேன். பாய்ஸ், பெர்னார்டி இருவரும் 1970-இல் சொன்னது. மொத்தம் ஏழு ஆற்றல்கள் வேண்டும்.

டைமரின் ஆப்டிமைஸ் ஆன வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே வடிவத்தில் ஐந்து சிங்கிள்-பாயின்ட் கணக்குகள்: முழு டைமர், முதல் நீர் (இரண்டாவதன் இடத்தில் பேய் அணுக்கள்), இரண்டாவது நீர் (முதலாவதன் இடத்தில் பேய் அணுக்கள்), பிறகு இரண்டு நீரும் பேய் அணு இல்லாமல் தனித்தனியாக, ஆனால் டைமரில் இருந்த அதே வடிவத்தில். பேய் அணு என்றால் ஃபங்ஷன் உண்டு, அணுக்கருவும் எலெக்ட்ரானும் இல்லை. ஆறாவதும் ஏழாவதும் தனி நீர் தானாக ஆப்டிமைஸ் ஆன வடிவம். நீர் டைமரில் இரண்டும் ஒரே மூலக்கூறு என்பதால் ஒரு கணக்கே போதும்.

முதல் மூன்றின் வித்தியாசம் திருத்திய இடைவினை ஆற்றல். நான்காவது, ஐந்தாவதிலிருந்து தனி நீரின் ஆற்றலைக் கழித்தால் வருவது வடிவச் சிதைவு ஆற்றல். இரண்டையும் சேர்த்தால்தான் பிணைப்பாற்றல்.

காஸியனில் கௌன்டர்பாய்ஸ்=2 என்று கொடுத்து ஒவ்வொரு அணுவுக்கும் ஃபிராக்மென்ட் எண் குறித்தால் முதல் ஐந்தையும் அதுவே செய்துவிடும். மின்சுமை, மல்டிப்ளிசிட்டி வரியில் மூன்று ஜோடி எண்கள் வேண்டும்: டைமருக்கு ஒன்று, ஒவ்வொரு நீருக்கும் ஒன்று. இங்கே 0 1 0 1 0 1. ஒரு ஜோடி மட்டும் கொடுத்துவிட்டு ஏன் நிற்கிறது என்று தேடுவது வழக்கமான தவறு. வெளியீட்டின் கடைசியில் வரும் "காம்ப்ளெக்ஸேஷன் எனர்ஜி" டைமர் வடிவத்து நீரோடு ஒப்பிட்டது. சிதைவு ஆற்றல் அதில் இல்லை. அதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். ஆர்கா மென்பொருளில் தனிமக் குறியீட்டுக்குப் பின் ஒரு முக்காற்புள்ளி வைத்தால் அது பேய் அணு.

எஸ்சிஎஃப் கன்வெர்ஜென்ஸை (ஆற்றல் நிலைத்துவிட்டது என்று கணக்கு நிற்கும் எல்லை) 10⁻⁸ ஹார்ட்ரீக்கு (ஆற்றலின் அணு அலகு) இறுக்குங்கள். டைமரின் மொத்த ஆற்றல் −152 ஹார்ட்ரீக்கு மேல் போகும். நீங்கள் தேடும் 5 கி.கலோரி வெறும் 0.008 ஹார்ட்ரீ. ஹார்ட்ரீயைக் கி.கலோரி/மோல் ஆக்கப் பெருக்கும் எண் 627.51. மூன்றாம் தசமத்தில் வட்டமாக்கினால் எதுவும் மிஞ்சாது.

நீருக்குச் சிதைவு ஆற்றல் 0.05 கி.கலோரி அளவுதான், விட்டாலும் தெரியாது. ஆனால் ஃபார்மிக் அமில டைமரில் விட்டால் முழுக் கணக்கும் கவிழ்ந்துவிடும். முறைகளைச் சோதிக்கப் பயன்படும் எஸ்22 பட்டியலில் அதற்கு இடைவினை ஆற்றல் 18.6, பின்னர் 18.8 என்று திருத்தப்பட்டது. அது டைமருக்குள் இருக்கும் வடிவத்தோடு ஒப்பிட்டது. தனி அமிலத்தோடு ஒப்பிட்டால் டி-இ 16 சொச்சம்தான். இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒரே நேரத்தில் இழுப்பதால் ஓ–எச் நீள்கிறது, சி=ஓ நீள்கிறது, சி–ஓ குறுகுகிறது. அந்த விலை இரண்டு அமிலத்துக்கும் சேர்த்து இரண்டரை கி.கலோரிக்கு மேல். சோதனையில் கிடைத்த டி-சுழியம் 59.5 கி.ஜூல், அதாவது 14.2 கி.கலோரி. 18.8-ஐ நேராக 14.2-ஓடு வைத்துப் பார்த்து "சுழிநிலை ஆற்றல் 4.6" என்று எழுதிவிடாதீர்கள்.

நீர்த்துளி

மிக்க நன்றி, கார்முகில் சார், தாழி சார். ஆக்-ட்ரிப்பிளில் எம்பி2 போட்டதில் ஒரு கற்பனை அதிர்வெண் வருகிறது. தொடக்க வடிவமாக இரண்டு நீரையும் எதிரெதிரே சமச்சீராக வைத்து சிமெட்ரியோடு ஓடவிட்டது காரணமா?

பதில்: கார்முகில்

அதேதான். சமச்சீரான தொடக்கம் சமச்சீரிலேயே முடியும். நீர் டைமரின் ஆற்றல் பரப்பில் பத்து நிலைப்புள்ளிகள் உண்டு என்று 1990-இல் ஸ்மித், ஸ்வான்டன், பூப்பிள், ஷேஃபர், ராடம் காட்டினார்கள். அவற்றில் உண்மையான தாழ்புள்ளி ஒன்றே ஒன்று: ஒரு நீர் ஹைட்ரஜனைக் கொடுக்க, மற்றது ஆக்ஸிஜனால் ஏற்கும் ஒற்றைப் பிணைப்பு வடிவம். வளையம் போன்ற வடிவமும் ஒரு ஆக்ஸிஜனை இரண்டு ஹைட்ரஜன்கள் நோக்கும் கவட்டை வடிவமும் சேணப்புள்ளிகள்: ஒரு திசையில் பள்ளம், வேறொரு திசையில் மேடு. கற்பனை அதிர்வெண் வருவது அதனால்தான். பார்க்கத் தாழ்புள்ளி போலவே இருக்கும், அதிர்வெண் கணக்கிட்டால்தான் பிடிபடும்.

இப்படித் தொடங்குங்கள். இரண்டு ஆக்ஸிஜனுக்கும் இடைவெளி 2.9 ஆங்ஸ்ட்ராம். கொடுக்கும் நீரின் ஒரு ஓ–எச் நேராக ஏற்கும் ஆக்ஸிஜனை நோக்கட்டும். ஏற்கும் நீரின் தளத்தை ஆக்ஸிஜன்–ஆக்ஸிஜன் கோட்டிலிருந்து 55 டிகிரி அளவுக்குச் சாய்த்து வையுங்கள். எல்லா அணுக்களையும் ஆங்ஸ்ட்ராமில் நூற்றில் ஒரு பங்கு அசைத்துவிட்டு சிமெட்ரியை அணைத்து ஓடவிடுங்கள். இசட்-மேட்ரிக்ஸில் (நீளம், கோணங்களால் வடிவத்தைக் குறிக்கும் முறை) எழுதினால் ஓ–எச்···ஓ கோணம் 180-ஐ நெருங்கும்போது இருமுகக் கோணம் பொருளிழந்து ஆப்டிமைசேஷன் தள்ளாடும். கார்ட்டீசியன் ஆயங்கள் கொடுப்பதே நல்லது.

முடிவில் ஆக்ஸிஜன் இடைவெளி 2.91 அருகில் வர வேண்டும். மைக்ரோவேவ் அளவீடு 2.976 என்று சொல்கிறதே எனப் பதற வேண்டாம். டைக் குழு தந்த அந்த எண் அதிர்வால் சராசரியான இடைவெளி. இந்தப் பிணைப்பு மெலிந்தது, நீளும் பக்கம் தாராளமாக நீள்வதால் சராசரி வெளியே தள்ளப்படுகிறது. ஆற்றலில் டி-இ, டி-சுழியம் வேறுபடுவது போலவே இதுவும்.

ஆறு அணுக்கள், ஆகவே 12 அதிர்வுகள். தனி நீர் ஒவ்வொன்றுக்கும் மூன்றாக ஆறு போக, மிச்சம் ஆறு புதியவை. பிரிந்திருந்தபோது இடப்பெயர்ச்சியாகவும் சுழற்சியாகவும் இருந்தவை டைமரில் அதிர்வாகிவிட்டன. சுழிநிலை ஆற்றல் கூடுவதற்கு முதன்மைக் காரணம் இவையே. இவை ஹார்மோனிக் கணக்குக்கு (அதிர்வை இலட்சிய வில்லாகக் கொள்வது) அடங்காதவை. ஹார்மோனிக்காகப் போட்டால் வித்தியாசம் 2.1, 2.2 என்று வரும். உண்மை 1.86. அதனால் 5.0-இலிருந்து ஹார்மோனிக் திருத்தத்தைக் கழித்தால் 2.8, 2.9 கிடைக்கும். 3.16 வரவில்லையே என்று மின்னணுக் கணக்கில் பிழை தேட வேண்டாம், குறை அதிர்வுக் கணக்கில் இருக்கிறது. முடிந்தால் அன்ஹார்மோனிக் திருத்தம் தரும் விபிடி2 போடுங்கள், ஆனால் தாழ்ந்த அதிர்வெண்களில் அதுவும் சில நேரம் தடுமாறும்.

சரிபார்க்க ஒரு நல்ல வழி: எல்லா ஹைட்ரஜனையும் டியூட்டீரியமாக மாற்றி அதிர்வெண்ணை மட்டும் திரும்பக் கணக்கிடுங்கள். ஆற்றல் பரப்பு மாறாது, டி-இ மாறாது. கனநீர் டைமரின் டி-சுழியம் 1244 ± 10 செ.மீ⁻¹ என்று அதே ஆய்வகம் அளந்தது, 3.56 கி.கலோரி. ஆகவே அங்கே சுழிநிலை வித்தியாசம் 1.46. சாதாரண நீருக்கும் கனநீருக்கும் இடையிலான 0.40 இடைவெளி உங்கள் கணக்கில் எவ்வளவு நெருங்கி வருகிறது என்று பாருங்கள். மின்னணு முறையைத் தொடாமல் அதிர்வுக் கணக்கை மட்டும் சோதிக்கும் அளவுகோல் இது.

பதில்: அலைஎண்

ஓ–எச் இறக்கம் பற்றி யாரும் சொல்லவில்லையே.

தனி நீரில் இரண்டு ஓ–எச்சும் சேர்ந்தே அதிர்கின்றன: சமச்சீர் 3657, எதிர்ச்சமச்சீர் 3756 செ.மீ⁻¹. டைமரில் பிணைந்த ஓ–எச் 3601. 3657-இலிருந்து அளந்தால் இறக்கம் 56, 3756-இலிருந்து அளந்தால் 155. இரண்டுமே நியாயமான ஒப்பீடல்ல. கொடுக்கும் நீரில் ஒரு ஓ–எச் பிணைந்து மற்றது சுதந்திரமாக நிற்பதால் அந்தக் கூட்டதிர்வு உடைந்துவிடுகிறது. ஒற்றை ஓ–எச்சின் அதிர்வெண்தான் வேண்டும். எச்ஓடி மூலக்கூறில் (ஒரு ஹைட்ரஜன் மட்டும் டியூட்டீரியமான நீர்) அது 3707 செ.மீ⁻¹. சமச்சீர், எதிர்ச்சமச்சீர் இரண்டின் சராசரியும் 3706.5, பொருந்துகிறது. அதிலிருந்து அளந்தால் இறக்கம் 106. கணக்கிலும் இதையே செய்யுங்கள்: தனி நீரில் ஒரு ஹைட்ரஜனை டியூட்டீரியமாக்கி ஓ–எச் அதிர்வெண் எடுங்கள், டைமரில் கொடுக்கும் நீரின் பிணையாத ஹைட்ரஜனை டியூட்டீரியமாக்கி எடுங்கள், கழியுங்கள். ஹார்மோனிக் மதிப்பை ஹார்மோனிக்கோடு மட்டும் கழிக்க வேண்டும். 0.96 போன்ற பெருக்கு எண்களால் ஹைட்ரஜன் பிணைப்பின் அன்ஹார்மோனிசிட்டியைச் சரிசெய்ய முடியாது. அவை பிணையாத அதிர்வுகளுக்குப் பொருத்தியவை.

அதிர்வெண் இறங்கினால்தான் ஹைட்ரஜன் பிணைப்பு என்றும் கொள்ள வேண்டாம். ஃப்ளூரோஃபார்ம் நீரோடு சேரும்போது சி–எச் அதிர்வெண் ஏறுகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இ. அருணன் தலைமையில் ஐயூபேக் (பன்னாட்டு வேதியியல் ஒன்றியம்) குழு 2011-இல் வெளியிட்ட வரையறை இதற்கும் இடம்கொடுத்தே எழுதப்பட்டது. கோணம் 110 டிகிரிக்கு மேல் இருப்பது விரும்பத்தக்கது, பிணைப்பு உருவானதற்குச் சான்று வேண்டும் என்று பல அளவுகோல்களைச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது.

நீர்த்துளி

ஏஐஎம் கணக்கில் (எலெக்ட்ரான் அடர்த்தியை அணுவாரியாகப் பிரித்து ஆராயும் முறை) பிணைப்பு முனைப்புள்ளியின் (பிணைந்த இரண்டு அணுக்களுக்கும் நடுவே வரும் புள்ளி) நிலை ஆற்றல் அடர்த்தியைப் பாதியாக்கினால் பிணைப்பாற்றல் கிடைக்கும் என்கிறார்களே, அது போதாதா? கௌன்டர்பாய்ஸ் வேலை மிச்சமாகுமே.

பதில்: தாழி

போதாது. எஸ்பினோசா குழு 1998-இல் படிகங்களில் அளந்த எலெக்ட்ரான் அடர்த்தியிலிருந்து பொருத்திய சூத்திரம் அது, ஏற்பி ஆக்ஸிஜனாக உள்ள பிணைப்புகளுக்கானது. நீரில் ஓரளவு பொருந்தும். குளோரைடோ கந்தகமோ ஏற்பியாக வந்தால் அதைக் கொண்டுபோக நியாயமில்லை. ஒரே மூலக்கூறுக்குள் நடக்கும் ஹைட்ரஜன் பிணைப்பில் பிரித்துக் கழிக்க வழியில்லாததால் அங்கே இதை நாடுகிறார்கள், அது புரிந்துகொள்ளக்கூடியது. டைமரைப் பிரிக்க முடியும்போது பிரித்தே கணக்கிடுங்கள். எலெக்ட்ரான் அடர்த்தியை மட்டும் பாருங்கள்: கோக், பாப்பிலியர் 1995-இல் சொன்ன எல்லை 0.002 முதல் 0.034 அணு அலகு. நீர் டைமர் 0.023, 0.025 அளவில் நடுவே நிற்கும்.

ஆற்றலின் பாகங்கள் வேண்டுமென்றால் எஸ்ஏபிடி போடுங்கள், சை4 மென்பொருளில் எளிது. அதில் இடைவினையை நேராகக் கணக்கிடுவதால் மேற்பொருந்தல் பிழை எழுவதே இல்லை. நீர் டைமருக்கு மின்னிலைப் பகுதி −7 முதல் −8 கி.கலோரி, விலக்கு கிட்டத்தட்ட அதே அளவு எதிர்க்குறியில், தூண்டலும் டிஸ்பெர்ஷனும் தலா −2 சுமார். பி3எல்ஒய்பி தவறவிடுவது அந்தக் கடைசி −2-இன் ஒரு பகுதியைத்தான்.

பதில்: கார்முகில்

பேசிஸ் செட் எல்லைக்கு நீட்டுவதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் ஆக்-குவாட்ருப்பிள் வரை போகத்தானே போகிறீர்கள். ட்ரிப்பிளுக்கு 3, குவாட்ருப்பிளுக்கு 4. குவாட்ருப்பிள் மதிப்பை 64-ஆல் பெருக்கி, ட்ரிப்பிள் மதிப்பை 27-ஆல் பெருக்கிக் கழித்து, 37-ஆல் வகுங்கள். மேலே தந்த 4.71, 4.86 இரண்டையும் போட்டால் 4.97 வருகிறது. முறைப்படி இதைக் கோரிலேஷன் ஆற்றலுக்கு (ஹார்ட்ரீ-ஃபாக் கணக்கு தவறவிடும் எலெக்ட்ரான் இடைவினைப் பகுதி) மட்டும் செய்ய வேண்டும். ஹார்ட்ரீ-ஃபாக் பகுதி இந்த அளவில் ஏறக்குறைய எல்லையை எட்டிவிடுவதால் அதன் குவாட்ருப்பிள் மதிப்பையே வைத்துக்கொள்ளலாம். ஆக்-சிசி வரிசை வேலன்ஸ் எலெக்ட்ரான்களுக்கானது, உள் எலெக்ட்ரான்களை உறையவைத்தே கணக்கிடுங்கள்.

அதன்மேல் ஆக்-டபுளிலோ ஆக்-ட்ரிப்பிளிலோ சிசிஎஸ்டி(டி)யும் (எம்பி2வைவிடத் துல்லியமான, செலவு மிகுந்த முறை) எம்பி2வும் போட்டு அவற்றின் வித்தியாசத்தைச் சேருங்கள். நீருக்கு அது 0.05-க்குள் அடங்கும். 4.97-இலிருந்து 5.02 வந்துவிடும். எம்பி2 நீரில் இவ்வளவு நன்றாக வருவதால் எல்லாவற்றுக்கும் அதை நம்பிவிடக் கூடாது. பென்சீன் வளையம் ஏற்பியாக வரும் காம்ப்ளெக்ஸ்களில் அது டிஸ்பெர்ஷனை மிகையாக்கும், அங்கே இந்தக் கடைசித் திருத்தம் பெரிது. ஃபார்மிக் அமில டைமருக்குத் திருத்தம் சிறிதே, ஆனால் ஆப்டிமைசேஷனை ஆக்-ட்ரிப்பிளுக்குக் கீழே செய்ய வேண்டாம். ஓ–எச் நீட்சி மாறினால் தாழி சொன்ன சிதைவு ஆற்றலும் கூடவே மாறும்.